சுவரில் லெயோனியின் பெயர்

பிரான்சின் தெற்கே, வாரம் இருமுறை மட்டும் பேருந்து வந்து திரும்பும் மலைச்சரிவில் வால்ப்ரூன் என்றொரு சிற்றூர். தொண்ணூறு பேர், அவர்களைவிட அதிகமாக ஆடுகள், மிகப் பழைய தேவாலயம் ஒன்று. ஊரின் மேயர் அதேல் என்ற பெண்மணி.

ஒரு மழைக்காலத்தில் தேவாலயக் கூரை ஒழுகி, சுவரின் சுண்ணாம்பு ஓரிடத்தில் பெயர்ந்தது. உள்ளே நீல வண்ணம் தெரிந்தது. அதேல் நகரத்திலிருந்து ரெமி என்ற ஓவியச் சீரமைப்பாளரை வரவழைத்தார். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் ஐந்நூறு ஆண்டுப் பழைய ஓவியம் ஒன்று முழுதாக இருக்கிறது என்றார் ரெமி. கோதுமை அறுக்கும் பெண்கள், பின்னால் இதே மலை.

ஆனால் அங்கே மணமுடித்தவர்கள் எல்லாரும் அந்தப் பூச்சின்மேல் பென்சிலால் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். ஓவியம் வெளிவரப் பூச்சைச் சுரண்டினால் பெயர்களும் போய்விடும். மற்றக் குடும்பங்கள் பெயர்களைப் படமெடுத்துக்கொண்டு அதற்குச் சம்மதித்தன. ஆடு வளர்க்கும் முதியவர் கஸ்தோன் மட்டும் சம்மதிக்கவில்லை. அவர் வீடு ஒருமுறை தீப்பிடித்து எரிந்திருந்தது. இறந்துபோன மனைவி லெயோனியின் கையெழுத்து அந்தச் சுவரில் மட்டுமே மிஞ்சியிருந்தது.

“நான் மேயராக இருக்கும்வரை அதன்மேல் கத்தி படாது,” என்று அதேல் வாக்களித்தார்.

வேலை நடந்தது. அறுவடைப் பெண்கள் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். நடுவில் நின்றவளுக்கு மட்டும் முகமில்லை; அங்கே லெயோனியின் பெயர் இருந்தது. அப்போது மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: ஓவியம் முழுதும் தெரிந்தால்தான் கூரையைப் புதுப்பிப்பார்கள். பழைய கூரையோடு இன்னொரு குளிர்காலத்தைச் சுவர் தாங்காது என்று ரெமி சொல்லிவிட்டார். சுவர் விழுந்தால் முகமும் போகும், பெயரும் போகும்.

அதேல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாக்கை மீறவும் மனமில்லை, ஓவியத்தை மழைக்கு விடவும் மனமில்லை. தாம் விலகினால் அடுத்து வரும் மேயரை அந்த வாக்குக் கட்டாது என்று, பதவி விலகல் கடிதத்தை எழுதி முடித்தார். செய்தி கேட்டுக் கஸ்தோன் மேயர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள், மதாம். சுரண்டச் சொல்லுங்கள்.”

“அது போனால் திரும்ப வராது, முசியே கஸ்தோன்.”

“தெரியும். அவள் இருந்திருந்தால் அந்த ஓவியப் பெண்ணின் முகத்தைத்தான் பார்க்க ஆசைப்பட்டிருப்பாள்.”

அவர் போனபின், அங்கே இருந்த ரெமி அதேலிடம் தணிந்த குரலில் சொன்னார்: “துணி ஒட்டிப் பூச்சைப் பெயரோடு உரித்தெடுக்கப் பார்க்கிறேன். அது பொடியாகிவிடவும் கூடும். கீழே முகத்தில் கீறல் விழுந்தால் எனக்கு இனி யாரும் வேலை தரமாட்டார்கள். பெரியவரிடம் இப்போது சொல்ல வேண்டாம்.”

பன்னிரண்டு நாள் ஆயிற்று. கஸ்தோன் அந்தப் பக்கமே வரவில்லை. கடைசியில் அதேல் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். சுவரில் வியர்வை துடைக்கும் ஒரு பெண்ணின் முகம். அருகே ஒரு பலகையில், ஓரெழுத்தும் சிதையாமல் லெயோனியின் பெயர். கஸ்தோன் பலகையை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அங்கேயே மாட்டச் சொன்னார். புதுக் கூரையின் கீழ் முதலில் மணமுடித்த இருவர், அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பெயருக்கு அடியில் தங்கள் பெயரை எழுதினார்கள்.

இனி நீங்கள் சொல்லுங்கள். பதவியை விடத் துணிந்தார் அதேல். தொழிலையே பணயம் வைத்தார் ரெமி. பெயரை விட்டுக்கொடுத்தார் கஸ்தோன். மூவரில் யார் கொடுத்தது பெரியது?

விடை: கஸ்தோன் கொடுத்தது. அதேல் பதவியை விட முன்வந்தது தம் வாக்கைக் காக்க. ரெமிக்குத் தம் கையின்மேல் கொஞ்சமாவது நம்பிக்கை இருந்தது. பெயர் பிழைக்க ஒரு வழி உண்டென்பதே கஸ்தோனுக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு நாளும் லெயோனியின் கையெழுத்து உலகில் இல்லை என்றே நினைத்துக்கொண்டு, அவர் ஆடு மேய்த்தார்.