உபதேசியார் வீட்டு வடசுவர்

செந்தேரிவிளையில் யார் வீடு கட்டினாலும் சாந்துச்சட்டி சுமக்க முதலில் கூப்பிடுவது மிக்கேலம்மாளைத்தான். கொத்தனார் கையை நீட்டுமுன் சட்டி பக்கத்தில் வந்து நிற்கும். நாற்பது வருடம் சுமந்ததில் அம்மையாரின் உச்சந்தலையில் முடி தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கையே விழுந்திருந்தது. ஆனால் அவருடைய நாள் சாந்துச்சட்டியில் தொடங்குவதில்லை. கோயிலில் விடியல் மணி அடிக்குமுன் உபதேசியார் வீட்டைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் தெளித்து, முழங்காலில் நின்று ஐம்பத்துமூன்று மணி செபமாலையும் சொல்லி முடிப்பார். பிறகுதான் கஞ்சி, பிறகுதான் வேலை. இதற்கு அவரை யாரும் நியமிக்கவில்லை.

உபதேசியார் என்றால் ஞானாதிக்கம் உபதேசியார். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். பனையேறிப் பிழைத்த குடும்பஸ்தர். குருக்கள் வருடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தாலே அதிசயம் என்றிருந்த அந்தக் காலத்தில், தம்மைப் போன்ற நாலு பேரைச் சேர்த்து, இருவர் இருவராகக் கால்நடையாய் ஊர் ஊருக்கு அனுப்பி, செபம் சொல்லிக்கொடுக்கவும் நோயாளிகளைப் பார்க்கவும் ஊழியச் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர். கொள்ளை நோய் வந்த வருடம் தலையில் கஞ்சிப்பானையும் மடியில் உப்புமாக வீடு வீடாக ஓடினார். கடைசியில் அதே நோய் அவரையும் பிடித்தது. தம் வீட்டின் வடசுவரில் சாய்ந்தபடியே உயிர் விட்டார்.

அன்றிலிருந்து அந்த வடசுவரின் மண்ணுக்கு ஒரு மகிமை வந்துவிட்டது. காய்ச்சலா, பேதியா, பிள்ளை வீறிட்டு அழுகிறதா, உபதேசியார் மண்ணைக் கரைத்துக் கொடு என்பார்கள். சுவரை ஒட்டி அவருடைய மரப்பெட்டகம் இருந்தது. அதன் பின்னால் கையை விட்டு ஒரு சிட்டிகை சுரண்டி, முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். பேறுகாலத்துக்குப் போகிறவள் எடுப்பாள், பட்டாளத்துக்குப் போகிறவன் எடுப்பான், புதுவீட்டு அஸ்திவாரத்தில் போடவும் எடுப்பார்கள். ஒரு சிட்டிகைதானே!

மிக்கேலம்மாளும் எடுத்தவர்தாம். தாலி கட்டியவர் பனையிலிருந்து விழுந்து இறந்தபின், அம்மையாருக்கு இருந்தது ஒரே மகள், அமலோற்பவம். ஆறு வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் பிள்ளை போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "தெனமும் பெருக்கித் தெளிச்சாளே, இவ பிள்ளைய அந்த உபதேசியார் காப்பாத்தினாரா?" என்று காதுபடவே சிரித்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் விடியலில் விளக்குமாற்றோடு அவர் அந்த வீட்டுக்குப் போவதைக் கண்டவர்கள், புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவுகட்டினார்கள். அம்மையார் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை.

இப்படி இருபத்தாறு வருடங்கள் போயின. ஊழியச் சங்கத்துக்கு நூற்றிருபத்தைந்தாவது வருடம் பிறந்தது. நிறுவனர் வீட்டைப் பழுதுபார்த்து, அவர் வாழ்ந்தபடியே நிறுத்தவேண்டும் என்று மறைமாவட்ட ஆயர் இல்லம் முடிவெடுத்து, ரெக்ஸ்லின் என்ற இளம் பொறியாளரை அனுப்பியது. விழாக் குழுத் தலைவர் சிலுவைப்பிச்சையாருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. மனிதர் கெட்டவர் அல்லர். ஆனால் எதைக் கண்டாலும் கான்கிரீட் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "இத்துப்போன மண்சுவர வச்சு என்ன செய்யப் போறிய? இடிச்சுத் தள்ளிட்டு, மார்பிள் போட்டு ஒரு மண்டபம் கட்டுவோம். வாறவனுக்கும் பாக்க லெச்சணமா இருக்கும்" என்று பங்குச்சாமி பெர்க்மான்ஸ் அடிகளாரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை தொடங்கிய அன்று நாலு பேராகப் பெட்டகத்தை நகர்த்தினார்கள். அப்போதுதான் அது தெரிந்தது. வடசுவரில் ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்குப் பொந்து! எறும்பு ஊரக் கல்லே தேயும்போது, நூறு வருடமாய் விரல்கள் ஊர்ந்த மண்சுவர் என்னத்துக்கு ஆகும்? உள்ளே நூறு வருட விரலழுக்கும் புகையும் படிந்து, மண்ணின் நிறமே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. வெளிப்பக்கத்தில் மிஞ்சியிருந்தது நாலு விரல் கனம். அதற்கு நேர் மேலேதான் கூரையின் பெரிய உத்திரம் உட்கார்ந்திருந்தது. கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

"இன்னும் எப்படி நிக்கிதுன்னே தெரியல" என்றார் ரெக்ஸ்லின். உடனே பனந்தடிகளால் உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்கச் செய்தார். செய்தி ஆயர் இல்லத்துக்குப் போனது. ஐப்பசி முதல் சனிக்கிழமை முட்டுகளை எடுக்கவேண்டும், சுவர் தன் பலத்தில் உத்திரத்தைத் தாங்கினால் வீடு இருக்கட்டும், தாங்காவிட்டால் யார் தலையிலும் விழுமுன் இடித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. இருந்தது முப்பத்தெட்டு நாள். சிலுவைப்பிச்சையார் இடிக்கிற இயந்திரத்துக்கு அன்றே சொல்லிவைத்தார்.

பொந்தை அடைக்க முதலில் ஊர் மண்ணையே குழைத்தார்கள். செந்தேரிவிளை மண் தேரி மண். பார்க்கச் சிவப்பாய் அழகாய் இருக்கும், பிடித்தால் பிடியில் நிற்காது. காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. சுண்ணாம்பும் வைக்கோலும் சேர்த்து மறுபடி அடைத்தார்கள். அதையும் மறுநாள் பார்த்தால், ஐந்து விரல் தடம்! பெட்டகம் நகர்ந்த பின் மண் எடுப்பது இன்னும் சுலபமாகிவிட்டது அல்லவா? வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு பரவ, கடைசியாய் ஒரு பிடி எடுத்துவைப்போம் என்று சனங்கள் படையெடுத்தார்கள். கோயிலில் சாமி அறிவித்தார், ஒருவரும் கேட்கவில்லை. அன்பாலேயே ஒரு வீட்டைத் தின்று தீர்க்கிற கூட்டத்தை என்னவென்று திட்டுவது!

மிக்கேலம்மாள் பொந்துக்கு முன்னால் சாந்துச்சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேதான். வந்தவர்கள் ஏசாத ஏச்சில்லை. "உபதேசியார் வீடு என்ன இவ அப்பன் வீடா?" என்றார்கள். "பிள்ளைய முழுங்கினவ, அடுத்தவ பிள்ள பொழச்சாப் பொறுப்பாளா?" என்றும் ஒருத்தி கேட்டுவிட்டாள். அந்தச் சொல் விழுந்த நேரத்தில் அம்மையாரின் கை செபமாலையை இறுக்கிப் பிடித்தது, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் பவுலினா என்ற பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். தோளில் எட்டு மாதக் குழந்தை, கண் செருகித் துவண்டு கிடந்தது.

"மதினி, ரெண்டு நாளா பேதி. ஒரு நுள்ளு மண்ணு மட்டும் எடுத்துக்கிடுதேன். கும்பிட்டுக் கேக்கேன், வழி விடுங்க."

அம்மையார் எழுந்தார், வழி விடவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டார். இருபத்தாறு வருடம் பூட்டிக் கிடந்த வாய் அப்போது திறந்தது.

"ஏட்டி, நல்லாக் கேளு. எம்பிள்ளைக்கு மூணு நாளு இந்த மண்ணத்தான் கரைச்சு ஊத்தினேன். நாலாம் நாளு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். ஒரு நாளு முந்தி வந்திருக்கப்படாதாம்மான்னாரு டாக்டரு. உபதேசியார் எம்பிள்ளையக் கைவிடல. நான்தான் கைவிட்டேன். கொள்ளையில அவரு ஊருக்கு மண்ணா கொடுத்தாரு? கஞ்சியும் உப்பும்லா கொண்டுட்டு ஓடினாரு! குடு பிள்ளைய!"

குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, தம் மத்தியானக் கஞ்சித் தூக்கையும் எடுத்துக்கொண்டு, அறுபது வயதுக் காலோடு ஆசுபத்திரிப் பேருந்தைப் பிடிக்க ஓடினார். பின்னால் பவுலினா அழுதுகொண்டே ஓடினாள். போகிற வழியெல்லாம் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்துகொண்டே போனார். அம்மையார் திரும்பும்வரை, அங்கியைச் சொருகிக்கொண்டு பொந்துக்குக் காவல் உட்கார்ந்தவர் பங்குச்சாமி.

ஐந்தாம் நாள் பவுலினா சிரிக்கிற குழந்தையோடு நேரே உபதேசியார் வீட்டுக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு பழைய துணிமுடிச்சை எடுத்தாள். "எங்க மாமியார் காலத்துல எடுத்த மண்ணு. தொட்டில்ல கட்டிக் கிடந்துச்சு. இது பழசுன்னுதான் அன்னைக்குப் புது மண்ணு எடுக்க ஓடியாந்தேன். இது இங்கனயே இருக்கட்டும் மதினி" என்று சொல்லி முடிச்சை அம்மையாரின் கையில் வைத்தாள்.

மிக்கேலம்மாள் அந்த முடிச்சை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு தம் குடிசைக்குப் போய்த் தகரப்பெட்டியின் அடியிலிருந்து கறுப்புக் கயிற்றில் கோத்த சின்னப் பை ஒன்றை எடுத்துவந்தார். அமலோற்பவம் சாகும்போது கழுத்தில் கிடந்தது அது. மகளுடையது என்று சொல்ல அவரிடம் அந்த ஒன்றுதான் மிச்சம். பங்குச்சாமியின் முன்னால் அதைப் பிரித்து, உள்ளிருந்த மண்ணைப் பவுலினாவின் மண்ணோடு கொட்டினார்.

"சாமி, எடுத்தவங்க எல்லாரும் கொண்டாரட்டும். ஒரு நுள்ளு எடுத்தவன் ஒரு சட்டி கொண்டாரணும். எடுத்த மண்ணோட தன் ஊரு மண்ணையும் சேத்துக் கொண்டாரணும். நீங்க பூசையில சொல்லுங்க" என்றார்.

எடுக்காதே என்றபோது ஒருவரும் கேட்கவில்லை. கொண்டுவா என்றதும் வந்தார்கள் பாருங்கள்! பக்கத்து விளை ஊர்களிலிருந்து செம்மண் வந்தது. ஆற்றங்கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் வண்டல் கொண்டுவந்தாள். கரிசல் சீமையில் வாத்தியாராயிருந்தவர் பேருந்தின் மேலே மூட்டையேற்றிக் கரிசலைக் கொண்டுவந்தார். அம்மையாரை ஏசிய அதே பெண்ணும் குளத்துக் களிமண்ணோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டு கொட்டிவிட்டுப் போனாள்.

ரெக்ஸ்லினுக்குத் தலை சுற்றியது. "அம்மா, ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு மாதிரி சுருங்கும். சேத்து அடைச்சா விரிசல் விட்டுரும். எந்தப் புஸ்தகத்துலயும் இப்படிக் கிடையாது" என்றார்.

"தேரி மண்ணு மட்டும் நின்னுச்சாய்யா?" என்று கேட்டார் அம்மையார்.

ரெக்ஸ்லின் மீதி நாளை எண்ணிப் பார்த்தார். அதிகம் இல்லை. சிலுவைப்பிச்சையார் வாசலில் நின்று, "கூட்டாஞ்சோறு ஆக்குத மாதிரி எல்லா மண்ணையும் கலக்குதாளே, இதுல சுவரு நிக்குமாம்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். வேறு வழியின்றிப் பொறியாளர் தலையசைத்தார். ஒரு மண்ணுக்கு ஒரு படை, அதாவது ஒரு சாண் உயர அடுக்கு. அதிகம் ஈரமில்லாமல் மண்ணைப் போட்டு, உலக்கையால் இடித்து இறுக்கி, காயவிட்டு, அடுத்த படை. இடித்தவர்கள் முன்பு சுரண்டிய அதே கைகள்தாம். மண் சுமந்தவர் மிக்கேலம்மாள்.

சனிக்கிழமை வந்தது. வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்து, பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இடிக்கிற இயந்திரம் தெருமுனையில் நின்றது. ஊரே குடையும் கோணியுமாகத் திரண்டிருந்தது. ஆயர் இல்லத்திலிருந்து வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரெக்ஸ்லின் சம்மட்டியை எடுத்ததும் எல்லாரும் விலகினார்கள். மிக்கேலம்மாள் விலகவில்லை. வடசுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"அம்மா, தள்ளி வாங்க! விழுந்தா உங்க மேலதான் விழும்!"

"விழாதுய்யா. விழுந்தாலும் அவரு சாஞ்ச இடந்தான? நீங்க தட்டுங்க."

சாமி கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. முதல் முட்டு போயிற்று. மேலே ஓடு நெரிந்தது. இரண்டாவது போயிற்று. உத்திரம் "கிறீச்" என்று ஒரு சத்தம் போட்டது, பெண்கள், "மாதாவே!" என்று அலறினார்கள். அம்மையார் கண்ணை மூடி, உதடு அசையாமல் நின்றார். மூன்றாவது முட்டைத் தட்டியபோது உத்திரம் ஒரு நூலளவு இறங்கியது. இறங்கி, உட்கார்ந்தது. ரெக்ஸ்லின் ஓடிப்போய் விளக்கைப் பிடித்துச் சுவர் முழுக்கத் தடவித் தடவிப் பார்த்தார். மயிரிழை விரிசல்கூட இல்லை. மூன்று நாள் மழை பெய்தது, சுவர் நின்றது. இயந்திரம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. நாலாம் நாள் சிலுவைப்பிச்சையார் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "உங்கள என்னவெல்லாமோ பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்கிடாதிய" என்றார்.

ஆனாலும் ரெக்ஸ்லினுக்கு அது ஏன் நின்றது என்று விளங்கவில்லை. விழாவுக்கு முந்தின வாரம் தென்சுவரின் பழைய பூச்சு உப்பியிருந்ததால் அதைக் கொத்தி எடுக்கச் சொன்னார். அந்தச் சுவரில் யார் விரலும் பட்டதில்லை. பூச்சு உதிர்ந்ததும் பொறியாளர் கொத்துக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா! சாமி! எல்லாரும் வாங்க!" என்று கத்தினார்.

உள்ளே சுவர் படை படையாக இருந்தது. ஒரு சாண் செம்மண். அதன்மேல் ஒரு சாண் கரிசல். பிறகு வண்டல், பிறகு குளத்துக் களிமண், மறுபடி செம்மண். முப்பது மைல் சுற்றளவில் உபதேசியார் நடந்துபோன ஊர்களின் மண்ணெல்லாம் அங்கே இருந்தது. அவர் போன ஒவ்வொரு ஊரும் ஒரு கூடை மண் சுமந்துவந்து கட்டிய வீடு அது. எந்த ஏட்டிலும் இது இல்லை, எவர் நினைவிலும் இல்லை, சுவர்தான் சொன்னது.

"நீங்க சொன்னத அவரு அப்பவே செஞ்சிருக்காரும்மா. உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார் ரெக்ஸ்லின்.

மிக்கேலம்மாள் சுவரின் அருகே போய்க் கரிசல் படையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். மகளை அடக்கம் செய்த அன்றும் அழாதவர், அன்று சின்னப்பிள்ளை போல விம்மி விம்மி அழுதார்.

"எனக்கு என்னய்யா தெரியும், நான் எழுத்து தெரியாதவ. அப்பவும் இப்பவும் ஒரு ஊரு விடாமப் பேரு சொல்லிக் கூப்பிட்டு மண்ண வாங்கினது அவருதான். எம்பிள்ளை மண்ணையும் வாங்கி வச்சுக்கிட்டாரே!"

பெர்க்மான்ஸ் அடிகளார் பூச்சு உதிர்ந்து கிடந்த தரையென்றும் பாராமல் அந்த அம்மையாரின் பக்கத்தில் முழங்காலிட்டார். அவரைப் பார்த்து ரெக்ஸ்லினும், சிலுவைப்பிச்சையாரும், ஊராரும் முழங்காலிட்டார்கள். சாந்துச்சட்டி சுமந்த தலையை ஆண்டவர் அன்று ஊர் நடுவே உயர்த்தினார். அந்த எளிய அடியாரின் விசுவாசம் நமக்கும் ஒரு சட்டியளவாவது வாய்க்கட்டும்.