சமத்துவத்துக்கு ஒரு சாட்சி

பேராசிரியர் சடகோபன் அறையில் ஆய்வு மாணவர்கள் யாரும் உட்காரக் கூடாது. ஏழு மாதக் கர்ப்பிணியான மங்கையர்க்கரசியும் நின்றுகொண்டுதான் இருந்தாள். மனிதர் எல்லோரும் சமம் என்று எழுதிய ஆரம்பகால அமெரிக்கச் சிந்தனையாளர்களைப் பற்றியது அவள் ஆய்வேடு. நெறியாளரான சடகோபனின் கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகம் அதை வாங்காது.

"இதெல்லாம் ஏட்டோட சரி. நிஜமா அப்படி நடந்துக்கற ஒருத்தரைக் காட்டு, கையெழுத்துப் போடறேன்," என்றார் அவர்.

அவளுக்குக் கால் கடுத்தது. ஆனாலும் சிரித்த முகமாகவே சொன்னாள்: "இந்த ரூம்லயே ஒருத்தர் இருக்கார் சார். எனக்கு நாற்காலி எடுத்துப் போட இதோ எந்திரிக்கப் போறார்."

சடகோபன் எழுந்துபோய், மூலையில் கிடந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து, கைக்குட்டையால் தூசி தட்டிப் போட்டார்.

"உட்காரும்மா," என்றவர், பேனாவைத் திறந்தபடியே மெதுவாகக் கேட்டார்: "டாக்டர் எப்போ தேதி சொல்லியிருக்கார்?"