பளபளக்கும் கழிப்பறை

ஊர் நகராட்சியான கையோடு, பேருந்து நிலையத்தில் பளிங்குக் கழிப்பறை கட்டித் திறந்தார்கள். குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை.

"நாளைக்கு அதிகாரியம்மா பார்க்க வர்றாங்க. பளபளன்னு இருக்கணும். தண்ணி இல்லேன்னு சாக்குச் சொன்னா உன் வேலை போயிடும்," என்றார் நகராட்சித் தலைவர்.

"சரிங்கய்யா," என்றாள் துப்புரவுக்காரி இசக்கியம்மாள். வறட்டுத் துணியால் அழுத்தித் துடைத்தாள். கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் தலைவரோடு வந்த அதிகாரி அசந்துபோனார். "எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வச்சிருக்கே?"

"தலைவரய்யா உத்தரவும்மா. அதான் ஒருத்தரையும் உள்ளே விடலை. பொம்பளைங்க வெளியே அடக்கிக்கிட்டு நிக்கிறாங்க. குழாயைத் திறந்து பாருங்க, புரியும்."

குழாய் காற்றை ஊதியது. தலைவர் பளிங்கில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இசக்கியம்மாளின் வேலை தப்பியது. மறுவாரமே தண்ணீர்த் திட்டத்துக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். தலைவர் பெயர் பொறித்த அந்தக் கல்லைத்தான் ஆறு வருஷமாக அவள் வறட்டுத் துணியால் துடைத்துவருகிறாள்.