விழுந்து விழுந்து படித்த அடியார்

இப்போதெல்லாம் கோயிலுக்கு வருகிறவர்கள் சாமியைப் பார்ப்பதற்கு முன் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். பிரகாரத்தில் உருளுகிறவர் காலை மிதித்துவிட்டு, ஓரமாகப் போகக் கூடாதா என்று அவரையே கோபிக்கிறார்கள். படித்தவர்கள்தான் இதில் மோசம். அதனால்தான் குழந்தைவேலு என்னும் அடியார் பெரிய பட்டத்துக்குப் படிக்கிறார் என்று கேட்டபோது, அவரையும் நான் நம்பவில்லை.

அவர் மேலக்குன்றம் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்தார். பந்துக்குக் காற்றடிப்பது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுப்பது, காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது அவர் வேலை. பாடம் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் பிச்சுமணி அவர் வகுப்பைப் பிடுங்கிக்கொள்வார். அடியார் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார். கிருத்திகைதோறும் விடியற்காலையில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு குன்றின்மேல் முருகனை மூன்று சுற்று அங்கப்பிரதட்சணம் செய்வார். இருபது வருஷத்தில் ஒரு கிருத்திகை தவறியதில்லை.

அப்படி உருண்டதில் அவர் ஒன்றைக் கண்டார். உடம்பை விறைத்தால் கல் அடிக்கிறது. முருகனிடம் விட்டுவிட்டால் அதே கல் அடிப்பதில்லை. மைதானத்திலோ பிள்ளைகள் விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். ஓடவும் தாவவும் சொல்லிக்கொடுத்தோமே, விழச் சொல்லிக்கொடுத்தோமா என்று அடியார் வருந்தினார். தாடையை நெஞ்சோடு சேர்த்து, அடியைத் தோளில் வாங்கி, உருண்டு எழுவதற்குப் பழக்கினார். “தரை வரும்போது அதோட மல்லுக்கு நிக்காதீங்கடா” என்பார். அந்தப் பள்ளியில் மாவுக்கட்டு போட்ட பிள்ளையே இல்லாமல் போயிற்று.

இது எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டும் என்று நினைத்தார். பி.டி. மாஸ்டர் சொன்னால் யார் கேட்பார்கள்? உடற்கல்வி கற்பித்தலில் முனைவர் பட்டம் வாங்கிச் சொன்னால் கேட்பார்கள் என்று, நாற்பத்தாறு வயதில் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வுக்குச் சேர்ந்தார்.

“என்ன மாஸ்டர், விழுந்து விழுந்து படிக்கிறீங்களாமே!” என்றார் பிச்சுமணி. ஆசிரியர் அறையே சிரித்தது.

“ஆமா சார். எந்திரிக்கிறதும் பாடத்துல இருக்கு” என்றார் அடியார். சேர்ந்து சிரித்தார்.

ஆய்வேடு இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறைதான் ஏற்றார்கள். அதற்குள் எட்டு வருஷம் ஓடி, கெடுவும் முடியப் போனது. எஞ்சியது ஒரே ஒரு வாய்மொழித் தேர்வு.

“இதுல போச்சுன்னா பதிவே ரத்து. அப்புறம் அந்தச் சாமியே வந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் அவருடைய ஆய்வு நெறியாளர்.

“வருவாருங்க” என்றார் அடியார்.

தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஞானசிகாமணி என்ற பேராசிரியர் வந்திருந்தார். வேடிக்கை பார்க்கப் பிச்சுமணியும் போயிருந்தார். நடந்ததை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

“விழுறதைப் பத்தி இருநூறு பக்கம் எழுதியிருக்கீங்க. இந்த வயசுல நீங்க விழுவீங்களா?” என்று பேராசிரியர் கேட்டார்.

வெறும் மொசைக் தரை. அடியார் ஷூவைக் கழற்றினார். “முருகா” என்று கண்ணை மூடி விழுந்தார். தோளில் வாங்கினார். அங்கேயே எழுந்திருக்க வேண்டும். ஆனால் தரை பட்டதும் கிருத்திகைப் பழக்கம் உடம்பைப் பிடித்துக்கொண்டது. கைகள் தலைக்கு மேல் குவிந்தன. பேராசிரியரை மேசையோடும் நாற்காலியோடும் நடுவில் வைத்து, வலமாக உருள ஆரம்பித்துவிட்டார்.

“மாஸ்டர், போதும்! எந்திரிங்க!” என்று நெறியாளர் கத்தினார். அடியார் காதில் விழவில்லை. இரண்டாம் சுற்றில் அறை கொல்லென்று சிரித்தது. மூன்றாம் சுற்றில், “அரோகரா!” என்று ஒரு குரல். தன்னை மறந்து கத்தியவர் பிச்சுமணிதான்.

அடியார் எழுந்து, இடம் தெரிந்து, வெட்கினார். “மன்னிச்சுக்குங்கய்யா. கோயில்னு நெனச்சுட்டேன்.”

பேராசிரியர் எழுந்து வந்து அவர் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு சிராய்ப்பு இல்லை. “எங்கம்மா போன மாசம் குளியலறையில விழுந்து இடுப்பு முறிஞ்சு கெடக்கிறாங்க. நான் படிச்ச படிப்பு எதுவும் அவங்களைத் தாங்கலையே, மாஸ்டர்” என்றார். பட்டத்துக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த கிருத்திகையில் மண்டபத்தில் முருகன் எழுந்தருளியிருந்தார். அடியார் உருண்டு முன்னால் வந்தபோது, சாமியின் தோள்மாலை நழுவியது. விழுந்து, படியில் உருண்டு, அவர் தலையருகே வந்து நின்றது. ஓர் இதழ் உதிரவில்லை.

“சாமியே விழுந்து காட்டிட்டார் மாஸ்டர்! மார்க் போடும்!” என்றார் குருக்கள். கூட்டம் கண்ணீரும் சிரிப்புமாக நின்றது. காற்று என்றார் ஒருவர். நானும் போய் மாலையின் நாரை இழுத்துப் பார்த்தேன். எங்கும் அறுந்திருக்கவில்லை.

“இப்பவாவது படிப்போட அருமை தெரியுதா பெரியவரே?” என்று என்னிடம் கேட்டார் பிச்சுமணி.

விழுவதற்கு ஒரு படிப்பும் அதற்கு ஒரு பட்டமும் வேண்டும் என்பதை நான் இன்னும் ஒப்பவில்லை. முருகன் மாலையிட்ட அந்தத் தலையை மட்டும் கும்பிட்டேன். அது நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, படியிறங்கி என் வழியே போனேன்.