வண்டி எவ்வளவு கொடுக்குது?

கொல்லிமலை மேலே, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் சிவகாமியம்மாளின் மடம் இருக்கிறது. மடம் என்பது பெரிய வார்த்தை. இரண்டு ஓட்டு அறைகளும் ஒரு கிணறும்தான். ஞாயிற்றுக்கிழமை கீழே இருந்து சிலர் வருவார்கள். கஞ்சி குடிப்பார்கள், கேட்க நினைத்ததைக் கேட்பார்கள், போய்விடுவார்கள்.

அவர்களில் அர்த்தநாரிதான் மூத்தவர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்தி, இப்போது மகனிடம் விட்டுவிட்டவர். சிவகாமியம்மாளைவிட இருபது வயது பெரியவர். ஆனாலும் சீடர் அவர்தான், குரு இந்த அம்மாள்தான். அவர் 'அம்மா' என்பார், அம்மாள் 'அண்ணா' என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

அந்த ஞாயிறு அர்த்தநாரி தன் எஸ்யூவியில் வந்து இறங்கினார். கரண்டில் ஓடுகிற வண்டி. வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வண்டி பளபளவென்று இருந்தது. அவருக்குத்தான் வேர்த்து ஊற்றி, சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. கையில் மஞ்சள் பை.

"இதுக்கு ஒரு பூஜை போடணுமுங்கம்மா. நாலு வீலுக்கும் நாலு எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்கறேன்."

"எடுத்த அன்னிக்கே போட்டிருப்பீங்களே?"

"போட்டாச்சுங்க. ஆனாலும் மனசு ஒப்பலை."

சிவகாமியம்மாள் பையை வாங்கினார். ஒரு பழத்தை எடுத்து இரண்டாக அறுத்தார். சொம்பில் பிழிந்து, உப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி நீட்டினார்.

"அம்மா, அது பூஜைக்கு வெச்சதுங்க."

"வேர்த்து வந்திருக்கீங்க, குடிங்க. வண்டியில ஏசி இல்லீங்களா?"

"இருக்குதுங்க. போடறதில்லை. அது கொஞ்சம் கிலோமீட்டரைத் தின்னுருமுங்க."

அம்மாள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியது போலத்தான் இருந்தது.

அர்த்தநாரி குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். சேலத்துக்காரர் ஒருவர் இந்த வண்டியை விலைக்குக் கேட்கிறார். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதில் முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், நாலு சக்கரமும் இழுக்கும். இதே வண்டி ஒற்றை மோட்டாரிலும் வருகிறது. அது ஒரு சார்ஜுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கூடுதலாகப் போகும். அந்த ஐம்பதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நாமக்கல்லில் வண்டியைப் பார்க்கிற எவரும் நிறத்தைக் கேட்பதில்லை. "எவ்வளவு கொடுக்குது?" என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த ஐம்பது குறைகிறது.

"ரெண்டு மோட்டார் வாங்குனது சரியா, தப்பா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் அதும்படி செஞ்சுடறேன்."

"வண்டியைப் பாக்காம எப்படிச் சொல்றது? வாங்க, ஒரு சுத்து போலாம்."

மீதி மூன்று பழங்களையும் பையோடு எடுத்துக்கொண்டு அம்மாள் முன்சீட்டில் ஏறினார். ஏறியதும் கண்ணாடியை இறக்கினார்.

"அம்மா, கண்ணாடியை ஏத்திக்கங்க. காத்து உள்ள வந்தா வண்டியை இழுத்துப் பிடிக்கும்."

அம்மாள் ஏற்றிக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. அர்த்தநாரியின் கண் சாலையில் பாதியும் திரையில் பாதியுமாக இருந்தது. திரையில் மீதியிருக்கும் தூரம் தெரிந்தது. அது ஒன்று குறைந்தால் அவர் முகமும் கொஞ்சம் குறைந்தது.

முந்தின நாள் மழையில் மடத்துப் பாதையின் மேடு செம்மண் சேறாகிக் கிடந்தது. ஏறும்போது பின்சக்கரம் வழுக்கியது. வண்டி பக்கவாட்டில் அசைந்த அந்த நொடியே முன்சக்கரங்கள் மண்ணைப் பிடித்து மேலே இழுத்துவிட்டன.

"பாத்தீங்களா?" அர்த்தநாரிக்கு முகமெல்லாம் பெருமை. "அதுதான் முன் மோட்டாருங்க. தானாவே புடிச்சுக்கும். நாம ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை."

"வழுக்காத நேரத்துல?"

"சும்மா கூட வருமுங்க."

"சும்மாவா?"

"ஆமாங்க. அந்த எடையும் சேத்துத்தான் இழுத்துட்டுப் போகணும். அதுலதான் அந்த அம்பது போயிருதுங்க."

"இறங்கறப்ப எப்படி?"

"அது இதுல ஒரு நல்ல விஷயமுங்கம்மா. மலை ஏறறப்ப நிறைய எடுத்துக்கும். இறங்கறப்பத் திருப்பிக் கொடுக்கும். கீழ போய்ச் சேர்றப்ப, கிளம்புனதைவிட சார்ஜ் அதிகமா இருக்கும்."

அம்மாள் காலியாக இருந்த பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"தவமணியக்கா வரலீங்களா?" அர்த்தநாரியின் மனைவியைத்தான் கேட்டார்.

"பஸ்ல வர்றாளுங்கம்மா. அவளுக்கு பஸ்ஸுதான் சௌகரியமாம். ஸ்டாண்டுல இறங்கி நடந்தே மடத்துக்கு வந்துருவா."

"எப்பத்திலிருந்து பஸ் சௌகரியமாச்சு?"

அர்த்தநாரி அதை ஒரு சாமர்த்தியக் கதையாகவே சொன்னார். இரண்டு மாதம் முன்பு திருச்சியில் ஒரு கல்யாணம். அதை முடித்துக்கொண்டு நேராக மடத்துக்கு வந்தார்கள். வழியில் சார்ஜ் போட முடியவில்லை. காரவள்ளி அடிவாரத்துக்கு வந்தபோது முப்பது பர்சென்ட்தான் இருந்தது. மேலே எழுபது வளைவு. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே ஓர் ஆள் எடை குறைந்தால் நிச்சயம் ஏறிவிடும் என்று தோன்றியிருக்கிறது.

"அதனால அவளை அங்க இறக்கி பஸ்ல ஏத்திவிட்டேனுங்க. மேல வந்து பாத்தா, பதினாறு பர்சென்ட் மிச்சம். பஸ் வந்ததும் மொத வேலையா அவகிட்ட அதைத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'நல்லதுங்க'ன்னு சொன்னா."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் பஸ்லயே வந்துடறேன்னுட்டா. நானும் வற்புறுத்தலை." அவர் குரல் சற்று இறங்கியது. "பக்கத்து சீட்டு காலியா இருந்தா ஒரு மாதிரித்தான் இருக்குதுங்க. ஆனா ஒரு பதினஞ்சு கிலோமீட்டர் கூடுதலாக் கொடுக்குது."

இதைக் கேட்டுவிட்டு ஒருவர் பேசாமல் இருக்க வேண்டுமென்றால் அவர் குருவாகத்தான் இருக்க வேண்டும். சிவகாமியம்மாள் பேசாமல்தான் இருந்தார். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்தபோது வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

"அண்ணா, காலம் பூரா லாரிக்குப் பாடி கட்டுனவர் நீங்க. டீசல் வண்டியை விட்டுட்டு இதை எதுக்கு எடுத்தீங்க?"

"அவளுக்கு டீசல் வாசம் ஆகாதுங்கம்மா. மோந்தா வாந்தி வந்துரும். கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். என் சட்டையில அடிக்கற வாசத்துக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேதான் எனக்குச் சோறு போட்டிருக்கறா. பட்டறையை விட்ட அன்னிக்குச் சொன்னேன், இனி உனக்கு வாசமே இல்லாத வண்டி வாங்கறேன்னு. மலையில வழுக்கிரும்னு பயப்படுவா. அதுக்காகத்தான் ரெண்டு மோட்டாரும்."

"பஸ் எதுலங்கண்ணா ஓடுது?"

அர்த்தநாரி ஸ்டாண்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பஸ் வந்து நின்றது. மிளகு மூட்டைக்காரர்கள் இறங்கினார்கள். கடைசியில் தவமணி இறங்கினார். ஒரு கையில் மடத்துக்குச் சாப்பாடு எடுத்து வந்த தூக்குப் போசி. இன்னொரு கையில் நகம் கீறிய எலுமிச்சம்பழம். அதை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. இரண்டடி வைத்தார். நிழற்குடைத் தூணைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றார். பஸ் விட்டுப் போன புகை கலையும்வரை அப்படியே நின்றார்.

இரண்டு மாதமாக அர்த்தநாரி எப்போதும் முன்னாலேயே மடத்துக்குப் போய்விடுவார். தவமணி முகம் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். பஸ்ஸைவிட்டு இறங்கி அவர் இப்படி நிற்பதை அர்த்தநாரி பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அறுபது வயதில் அது ஓட்டம்தான்.

"குடு, போசியைக் குடு. வா, வண்டியில ஏறு."

தவமணி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க, சார்ஜ் இருக்குதுங்களா?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். இருக்காதோ என்கிற கவலையில் கேட்டார். குத்திக்காட்டியிருந்தால் அர்த்தநாரிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இருக்குது," என்றார்.

சிவகாமியம்மாள் அதற்குள் முன்சீட்டிலிருந்து இறங்கியிருந்தார். பையிலிருந்த மூன்று பழங்களையும் மூன்று சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, நாலாவது சக்கரத்தருகே நின்று கையை நீட்டினார்.

"அக்கா, அந்தப் பழத்தைக் குடுங்க."

தவமணி பழத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயோ, இது வழியெல்லாம் நான் மோந்து பாத்ததுங்கம்மா. மோந்தது பூஜைக்கு ஆகாது."

"சாமிக்கு ஆகாது. இந்த வண்டிக்கு இதுதான் ஆகும்."

தவமணி கணவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். பழம் கைமாறி, முன்சக்கரத்துக்கு அடியில் போனது.

அர்த்தநாரி மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்தார். கண்ணாடியை இறக்கிவிட்டார். ஒரு கணம் யோசித்து ஏற்றினார், ஏசியைப் போட்டார். மறுபடி, "உனக்குக் காத்து வேணுமா, ஏசி வேணுமா?" என்று கேட்டார். தவமணி, "ரெண்டும் போடுங்களேன்," என்றார். ரெண்டும் போட்டார். திரையில் எண் குறைந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. சேலத்துக்காரர். அர்த்தநாரி அதை அடிக்கவிட்டுவிட்டு, ஓரத்தில் நின்ற சிவகாமியம்மாளிடம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அம்மா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலீங்களே. இந்த வண்டியை என்ன பண்றது?"

"நான் என்னங்கண்ணா சொல்றது? இறங்கறப்பத் திருப்பிக் கொடுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா இறங்குங்க. கீழ போய்ச் சேந்ததும், எவ்வளவு கொடுத்துச்சுன்னு அக்காகிட்டக் கேளுங்க."