முனைகள் விட்டுப்போன தேற்றம்

முதலில் சிரிப்புதான் கேட்டது. பிறகு பெஞ்சைத் தட்டும் ஓசை. சுவருக்கு அந்தப் பக்கம் பேராசிரியை ஹமீதாவின் வகுப்பு.

இந்தப் பக்கம் சவரிநாதன் வகுப்பில் சாக்பீஸ் ஒன்றுதான் பேசும். தலை நரைக்கும்வரை இளங்கலைப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுத்தவர். அவர் போர்டு கோலம் போல இருக்கும். அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

மாதிரித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்த அன்று அந்தப் பெருமை போயிற்று. கட்டோடு தூக்கிக்கொண்டு ஹமீதாவின் அறைக்குப் போனார். ஹமீதா அவரைவிட வயதில் இளையவர். ஆனால் துறைத் தலைவர்.

“மேடம், இந்த வகுப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

“உட்காருங்க சார். என்ன ஆச்சு?”

தேர்வில் நிரூபிக்கச் சொல்லியிருந்தது ஒரு தேற்றம்: அறுபடாமல் ஓடும் கோடு ஓர் உயரத்துக்கு மேல் போகாது. கோடு ஓடும் இடைவெளியில் அதன் இரண்டு முனைப்புள்ளிகளும் அடங்கியிருந்தால்தான் தேற்றம் நிற்கும். வினாத்தாளைத் தட்டச்சு செய்யும்போது சவரிநாதன் முனைகளை விட்டுவிட்டார். கேள்வியே பொய்யாகிப் போனது.

“எல்லாரும் நிரூபிச்சிருக்காங்க மேடம். ஒரு ஆள் விடாம. பொய்யை!”

“எப்படி?”

“நான் போர்டுல எழுதின மாதிரியே. நிரூபணம் முடிஞ்சதுன்னு கடைசியில சின்னதா ஒரு கட்டம் போடுவேன்ல, அது உட்பட.”

ஹமீதா ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். “கையெழுத்து நல்லா இருக்கு.”

“கேலி பண்ணாதீங்க. இதுக்கு எத்தனை மார்க் போட?”

“நிரூபணம் யாரோடது?”

“என்னோடது.”

“அப்ப மார்க்கையும் உங்களுக்கே போட்டுக்கங்க.”

சவரிநாதனின் முகம் சுண்டிவிட்டது. ஹமீதா தாளைக் கட்டில் திரும்பச் சொருகினார்.

“வகுப்பை மாத்தித் தர்றேன் சார். போறதுக்கு முன்னாடி அந்தப் பொய்யைப் போர்டுல நிரூபிச்சுட்டுப் போங்க.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சே. யாராவது நிறுத்துற வரைக்கும்.”

“யாரும் நிறுத்தலைன்னா?”

“மறுநாளும் அதையே.”

மறுநாள் எழுதினார். பிள்ளைகள் பணிவாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அடுத்த நாளும் அதையே எழுதினார்.

“சார், இது நேத்தே முடிஞ்சிருச்சே” என்றான் ஒருவன்.

சவரிநாதன் ஆசையோடு திரும்பினார். “சரியாத்தான் முடிஞ்சிருச்சா?”

“நீங்க எழுதினா சரியாத்தான் சார் இருக்கும்.”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் முறை. பாதி வழி வந்திருந்தார். ‘இந்தப் புள்ளிகள் நெருங்கி நெருங்கி, இடைவெளிக்குள் ஒரு புள்ளியில் போய்ச் சேரும்’ என்று எழுதும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சார்... அது உள்ளேதான் சேரும்னு யாரு சொன்னது?”

இசக்கிப்பிரியா. ‘உள்ளேன் சார்’ என்பதைத் தவிர வேறு சொல் பேசி யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சவரிநாதன் திரும்பவில்லை. “வேற எங்க போகும்?”

“முனைக்கே போயிட்டா? முனைதான் நம்மகிட்ட இல்லையே சார்.”

“வாயால சொன்னா ஆச்சா? வந்து போட்டுக் காட்டு.”

வந்தாள். ஒன் பை எக்ஸின் கோட்டை இழுத்தாள். விட்டுப்போன முனையான பூஜ்யத்தை நெருங்க நெருங்க அது ஏறியது. போர்டு முடிந்தது.

“இன்னும் போகுது சார்.”

“போகட்டும்.”

எம்பிச் சுவரில் இழுத்தாள். அதற்கு மேல் எட்டவில்லை. யாரோ பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். ஏறி நின்று, கை போன மட்டும் இழுத்தாள்.

“ஏலே, சார் மாட்டிக்கிட்டாருலே!”

வகுப்பு கொந்தளித்தது.

“அப்ப பரிட்சையில நாம எழுதினது?”

“அம்புட்டும் பொய்தாம்லே!”

“கேள்வி எடுத்ததே அவருதான!”

“முனையைச் சேர்த்துட்டா ஏன் நிக்குது? தள்ளு, நான் போடுறேன்.”

மணி அடித்தது. ஒருவரும் வெளியே போகவில்லை.

சவரிநாதன்தான் போனார். தலையெல்லாம் சாக்பீஸ் தூளோடு, ஓட்டமும் நடையுமாக. ஹமீதா குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் குழாயை மூடினார்.

“நிறுத்திட்டாங்க மேடம்! சாக்பீஸைக் குடுடான்னா, ‘செத்த இருங்க சார்’ங்கிறான் ஒருத்தன்!”

“சந்தோஷம். நீங்க கேட்டபடி வேற வகுப்பு பார்த்து வச்சிருக்கேன்.”

“வேண்டாம், வேண்டாம். அந்த வகுப்பை எனக்கே விட்டுடுங்க.”

“நேத்துக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இப்ப அது அந்தப் பிள்ளைங்களோடது. அவங்ககிட்டப் போய்க் கேளுங்க, சார்.”

குழாயைத் திறந்து, டிபன் பாக்ஸின் மூடியைத் தேய்க்கத் தொடங்கினார்.