காலிக் கூட்டுப் பட்டு

நடந்ததைச் சொல்கிறேன்; தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண் சுனந்தா. புழுவைக் கொன்று எடுப்பது என்பதால் தன் கல்யாணத்துக்கே பட்டு வேண்டாமென்று, பருத்திப் புடவையில் மணையில் உட்கார்ந்தவள். அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. வழக்கமான மருந்து கட்டியை விட்டுவிட்டு ஆளைத்தான் உருக்கியது. அப்போது டாக்டர் வசுமதி ஒரு சோதனைச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். பட்டைக் கரைத்துக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக்கி, அவற்றுக்குள் மருந்தை அடைத்து ஊசியில் ஏற்றுவார்களாம். துகள்கள் கட்டியில் தங்கி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். உடம்பின் மற்ற பாகங்கள் தப்பும்.

சுனந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பூச்சி துளைத்துக்கொண்டு பறந்துபோன காலிக் கூட்டிலிருந்து செய்து தருவீர்களா? டாக்டர் யோசிக்காமல் சரி என்றார். அது ஆகாத காரியமும் இல்லை. புடவைக்குத்தான் நூல் அறுபடாமல் வேண்டும். கரைக்கப்போகிற பட்டுக்கு ஓட்டைக் கூடே போதும். ஆனால் வாக்குக் கொடுத்தவர் அதை ஆய்வகத்துக்குச் சொல்ல மறந்துபோனார். அங்கே மருந்து தயாரிக்கும் இம்மானுவேல் எப்போதும்போல் புழுவோடு வேகவைத்த கூடுகளிலேயே மருந்தைச் செய்துவிட்டார்.

ஊசி போடும் நாளில்தான் இம்மானுவேலுக்கு அந்த வாக்கைப் பற்றித் தெரிந்தது. டாக்டரிடம் ஓடினார். புதிதாகச் செய்ய நாளாகும், கட்டி காத்திருக்குமா என்று இருவரும் கையைப் பிசைந்தார்கள். சுனந்தா நல்ல நினைவோடு அடுத்த அறையில்தான் இருந்தாள். அவளைக் கேட்க வாய் வரவில்லை. வெளியே நின்ற கணவன் தரணேந்திரனைக் கேட்டார்கள்.

"சொன்னா வேணாம்னுடுவா மேடம். போட்டுடுங்க. பாவம் என்னோட போகட்டும்" என்றான் அவன்.

கட்டி சுருங்கியது. மனசு உறுத்தி, இம்மானுவேலே ஒருநாள் சுனந்தாவிடம் உண்மையைச் சொன்னார். நோய் என்று கேட்டபோதுகூட அழாதவள் அன்று அழுதாள். மூவரும் எதிரே நின்றார்கள், அதுதான் பிழைத்துவிட்டாயே என்கிற முகத்தோடு. எனக்கு நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

வாக்கை மறந்த டாக்டர், தெரிந்தும் மருந்தை எடுத்துக் கொடுத்த இம்மானுவேல், சம்மதம் சொன்ன கணவன். இம்மூவரில் சுனந்தாவுக்குப் பெரிய தீங்கு செய்தவர் யார்?

விடை: தரணேந்திரன். மற்ற இருவரும் அவள் என்ன சொல்வாளோ என்று பயந்தார்கள். அந்தக் கோழைத்தனத்தை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் இவன், அவள் வேண்டாம் என்பாள் என்று தெரிந்தே, அவளுக்காகச் சரி என்றான். சுனந்தாவும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னாள். அடுத்த ஊசி காலிக் கூட்டிலிருந்து வரட்டும், வரும்வரை காத்திருக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வெளிய உக்காருங்க. இனிமே எதுவா இருந்தாலும் என்னக் கேக்கட்டும்."